மழைத் தண்ணியை யார் கணக்கில் கழிப்பது?

தராசு பிடிக்க வந்திருக்கிற பிள்ளைகளே,

உங்கள் கையில் இப்போது இருப்பது எண் மின்னுகிற தராசு. என் கையில் இருந்தது முள் தராசு. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகையின் விட்டத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருப்போம். சாக்கை மாட்டியதும் முள் ஒரு துள்ளு துள்ளும், முன்னும் பின்னும் ஆடும், பிறகு கொஞ்சம் யோசித்து ஒரு இடத்தில் நிற்கும். அது யோசிக்கிற அந்த நேரத்தில் சுற்றி நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு முள்ளையே பார்ப்பார்கள். ஓய்வு பெற்று ஹாலிஎலயில் வீட்டோடு உட்கார்ந்திருக்கிற இந்த நாளிலும், மழை பிடித்தால் எனக்கு ஈரச் சாக்கு வாசம்தான் வருகிறது. ஸ்டேஷனில் ரயில் கூவினால், லொறிதான் கொழுந்து ஏற்ற வந்துவிட்டதோ என்று கை பரபரக்கிறது.

நான் பெரிய படிப்பாளி இல்லை. ஓ.எல். வரைதான், அதிலும் இங்கிலீஷில் கோட்டை விட்டவன். எப்படி நிறுக்க வேண்டும், எங்கே பதிய வேண்டும் என்பதெல்லாம் ஆபீசில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். ஆபீசில் சொல்லித் தராத ஒன்றை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத வைத்தது என் மகள்.

மகள் பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சொன்னாள்.

"அப்பா, அடுத்த மாசம் எனக்கு ஓவர்டைம் வேணாம்னு சொல்லிரப் போறேன்."

"ஏம்மா?"

"சம்பளம் ஏறினா வருமான வரியில மேல் படிக்குப் போயிருவேனாம். வார்ட்ல பேசிக்கிறாங்க. கூட நேரம் நின்னு கால் வீங்கி, கடைசியில கைக்கு வர்றது முன்னைக்கும் குறைஞ்சு போகும்."

"அப்படியா சொல்றாங்க?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கலப்பா. பத்து ரூபாய்க்கு ஒரு ரூபான்னு எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி எடுத்துட்டுப் போகலாம்ல? கூடப் பாடுபடுறவகிட்ட கூடுதலா எடுக்கிறது என்னா நியாயம்?"

சோற்றில் வைத்த கையை நான் எடுக்கவில்லை. இதே கேள்வியை, இதே சூட்டோடு, ஒரு பெண் என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள். தேயிலை மலை நடுவில், கொட்டுகிற மழையில். பிலோமினா என்று பெயர். எங்கள் தோட்டத்தில் அவளைப் போல் கொழுந்து பறிக்க ஆள் இல்லை.

உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளும் இருப்பீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் அப்போது பதினெட்டுக் கிலோ பறித்தால் ஒரு பேர். பேர் என்றால் முழுநாள் சம்பளம். பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். பதினெட்டுக்கு மேலே பறித்தால், மேலே உள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு. பிலோமினா நல்ல நாளில் முப்பத்தாறு பறித்துப் போடுவாள். இரண்டு கையும் செடி மேலே தனித்தனியாக ஓடும். அவள் புருஷன் சம்பளம் வாங்கிய அன்றே கள்ளுத் தவறணையில் பாதியை விட்டுவிட்டு வருகிற ஆள். மகள் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். பதுளையில் டியூஷன், பஸ் காசு, புத்தகம் எல்லாம் அந்தத் தனிக்காசில்தான் ஓடியது.

அவளுக்கு அடுத்த நிரையில் பறிப்பவள் பாக்கியம். புருஷன் இல்லை. ஒரே மகள், சின்னப் பிள்ளை. முந்திய வருஷம் மழைத்தண்ணி ஓடுகிற கான் தாண்டும்போது வழுக்கி விழுந்து பாக்கியத்தின் வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கையில் பழைய வேகம் இல்லை. விடிந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராமல் பறித்தாலும் பதினெட்டைத் தொட்டு நிற்பாள். அதற்கு மேலே அந்தக் கை ஓடாது.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. நமுனுகுல மலை இருந்த இடமே தெரியவில்லை. நனைந்த கொழுந்து நிறை கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். மடுவத்தில் நாங்கள் நிறுக்கிற கணக்கு ஒன்று, தேயிலை ஸ்டோரில் காய்ந்த பிறகு கிடைக்கிற கணக்கு வேறொன்று. தோட்டத்து உதவி மேனேஜர், எங்கள் சின்னத்துரை, என்னைக் கூப்பிட்டார். எனக்கு மகன் வயசு, நல்ல மனுஷன்தான்.

"தண்ணிக்குச் சம்பளம் குடுக்க ஏலாது, மிஸ்டர். நிறுவைக்கு ஆளுக்கு ஒரு கிலோ கழிங்க. எல்லாருக்கும் ஒண்ணு. பிரச்சினை வராது."

எனக்கும் அது நேர்மையாகத்தான் பட்டது. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, ஆளுக்கு மூன்று கிலோ. சாக்கு அவரவரிடமே நிறைந்துகொண்டு வரும், அந்தியில்தான் லொறி ஏறும். சங்கத் தலைவர் பெண்சாதி என்றாலும் சரி, கங்காணி மருமகள் என்றாலும் சரி, அதே மூன்று. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன். பிள்ளைகளே, யாரும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு ஒன்று கையில் கிடைத்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

முப்பத்தாறு பறித்த பிலோமினாவுக்கு முப்பத்திமூன்று நின்றது. பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, தனிக்காசில்தான் கொஞ்சம் குறைந்தது. பதினெட்டுப் பறித்த பாக்கியத்துக்குப் பதினைந்து நின்றது. அரைப்பேர். அடுத்த நாளும் அரைப்பேர். அந்தக் கிழமை முழுக்க அரைப்பேர்.

சனிக்கிழமை அவள் மற்றவர்கள் போகட்டும் என்று நின்று, என்னிடம் வந்தாள்.

"ஐயா, லுணுகலையில இருந்து ஒரு பொம்பள வந்து கேட்டுட்டுப் போயிருக்கு. கொழும்புல ஒரு வீட்டுக்குச் சமைக்க ஆள் வேணுமாம். தங்கி வேலை. பிள்ளையக் கூட்டிட்டுப் போக ஏலாது."

"பிள்ளைய யாருகிட்ட விடுவ?"

"சின்னம்மா வீட்டுல. அவங்களுக்கே ஒரு லயத்துக் காம்பராவுல ஏழு பேரு." சாக்குக் கயிற்றைச் சுருட்டினாள். "இன்னும் ரெண்டு கிழமை இப்படியே அரைப்பேரா விழுந்தா நான் போகத்தான் வேணும். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னாடி வரச் சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட சொல்லாமப் போகக்கூடாதுல்ல, அதான் சொன்னேன்."

குற்றம் சொல்கிற தொனி இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அந்தி நிறுவையில் வேறு மாதிரி வெடித்தது. பாக்கியத்துக்கு மட்டுமில்லை, கை மெதுவான இன்னும் நாலைந்து பேருக்கும் அரைப்பேர் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் சாக்கைத் தராசில் மாட்டாமல் மடுவத்து வாசலில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னாங்கையா, மழைக்கும் எங்ககிட்டயே வாடகை வாங்குறீங்க?"

"மானத்துல இருந்து விழுற தண்ணிக்கு நாங்களா பைப்பு தொறந்து விட்டோம்?"

வெளியே லொறிக்காரர் ஹோர்னில் கையை வைத்து எடுக்கவே இல்லை. சாக்குக்குள் அமுங்கிக் கிடக்கிற கொழுந்து சூடேறிச் சிவந்துபோனால் எல்லாருடைய பாடும் குப்பைக்குத்தான். சின்னத்துரைக்கு ஃபோன் போட்டேன். "மொத்தக் கழிவு வந்தாகணும். யாருகிட்ட எவ்வளவுங்கிறத நீங்க பாத்துக்கங்க, லொறிய அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த நெருக்கடியில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். எங்கள் தோட்டத்தில் பாதிக்கு மேல் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

"சரி, நிறுவைக்கு ஒரு கிலோ வேணாம். பத்துல ஒண்ணு. பத்துக் கிலோ பறிச்சவகிட்ட ஒண்ணு, முப்பது பறிச்சவகிட்ட மூணு. சரியா?"

கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு ஒரு குரல்: "பத்துல ஒண்ணு கோயிலுக்குக் குடுக்குறதுங்கையா. தராசுக்குமா?"

"சாமியாராவது நமக்காக ஜெபம் பண்ணுறாரு. ஐயா என்னா பண்ணுவாரு?"

"நானும் பண்றேன், தாயே. மழை விடணும்னு முழங்கால்ல நிக்கிறேன். சாக்கத் தூக்குங்க."

சிரித்துக்கொண்டு தூக்கினார்கள். லொறி போய்விட்டது. பத்தில் ஒன்று என்பதில் ஒரு அழகு இருக்கிறது, பிள்ளைகளே. கூட உள்ளவர் கூடக் கொடுக்கிறார், குறைய உள்ளவர் குறையக் கொடுக்கிறார், வீதம் எல்லாருக்கும் ஒன்று. அவரவர் சாக்குத் தண்ணி அவரவர் கணக்கில். சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற ஏற்பாடு. நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன், கடைசிச் சாக்காகப் பாக்கியத்தின் சாக்கு வராமல் இருந்திருந்தால்.

பதினெட்டில் பத்தில் ஒன்று போனால் பதினாறு சொச்சம். அரைப்பேர்.

முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வீதம் எல்லாருக்கும் ஒண்ணுதாங்கையா," என்றாள். "என் பேரு அந்த ஒண்ணுக்குள்ளதான் இருக்கு."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தை என்னோடு வந்தது. பிலோமினாவின் சாக்கிலிருந்து எடுக்கிற கிலோவும் பாக்கியத்தின் சாக்கிலிருந்து எடுக்கிற கிலோவும் தராசுக்கு ஒன்றுதான். முள்ளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்று போனால் ஒரு டியூஷன் காசில் கொஞ்சம் குறையும். மற்றது போனால் ஒரு பிள்ளை தாயைப் பிரியும். தண்ணி எங்கேயாவது கழிந்துதான் ஆக வேண்டும். அப்படியானால் அது எந்தக் கிலோவிலிருந்து கழிய வேண்டும்?

மறுநாள் காலையில், வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், மழைக்குள்ளே நின்று கத்தினேன்.

"இன்னையிலிருந்து பதினெட்டு வரைக்கும் கழிவே இல்ல. பதினெட்டுக்கு மேல போனா நாலுல ஒண்ணு!"

ஒரே வரி. அதுதான் நான் செய்த மடத்தனம். என் தலைக்குள்ளே கணக்கு முழுசாக இருந்தது, அவர்கள் காதுக்குப் போனது அந்த ஒரு வரி மட்டும். எல்லாரும் தலையாட்டிவிட்டு மலைக்குப் போனார்கள்.

பகல் நிறுவைக்குப் பிறகு சின்னத்துரை ஃபோனில் கத்துகிறார். "என்ன நடக்குது அங்க? கொழுந்து ஏன் பாதிக்குப் பாதி குறைஞ்சு போச்சு?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு மலைக்கு ஏறினேன்.

கான் ஓரமாக வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியைச் சுற்றிவிட்டுக் குடித்துக்கொண்டு, கலியாண வீடு மாதிரி இருந்தது. நடுவில் பிலோமினா.

"என்னா பிலோமினா, உடம்புக்கு முடியலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்குங்கையா. பேரு முடிஞ்சிருச்சு. அதான் உக்காந்திருக்கோம்."

"இன்னும் பொழுது கெடக்கே."

"கெடக்கட்டும். இருபது பறிச்சா நாலுல ஒண்ணுன்னு அஞ்சு கழிப்பீங்க. பதினைஞ்சுக்கு அரைப்பேரு போடுவீங்க. அந்த ரெண்டு கிலோவப் பறிச்சு பேரத் தொலைக்கிறதுக்கு, மழைய வேடிக்க பாத்துட்டுப் போறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினெட்டைத் தாண்டினால் முழுச் சாக்கிலும் நாலில் ஒன்று போகும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மகள் வார்டில் கேட்டுக்கொண்டு வந்ததும் இதேதான். படி மாறினால் முழுச் சம்பளத்துக்கும் மேல் படி வரி விழும் என்ற பயம். அப்படியொரு கழிவு உண்மையாகவே இருந்தால் பிலோமினா உட்கார்ந்ததுதான் சரி, நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

"உன் சாக்கக் கொண்டா," என்றேன். கொண்டுவந்து போட்டாள். "இதுல பேரு இருக்கா?"

"இருக்கு."

"வாயக் கட்டு."

கட்டினாள். பக்கத்தில் கிடந்த வெறும் சாக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இனிமே பறிக்கிறத இதுல போடு. நான் கை வைக்கிறது இந்தச் சாக்குல மட்டும்தான். கட்டின சாக்கு உனக்கு. அத ஆண்டவர் வந்தாலும் அவுக்க மாட்டாரு. அது உனக்கும் அப்படித்தான், பாக்கியத்துக்கும் அப்படித்தான்."

பிலோமினா இரண்டு சாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இருபது பறிச்சா?"

"ரெண்டாவது சாக்குல ரெண்டு கிலோ. அதுல நாலுல ஒண்ணு, அரைக் கிலோ. மிச்சம் உனக்கு."

"தாண்டினா நட்டமில்லையா?"

"எவ்வளவு தாண்டினாலும் நட்டமில்ல. தாண்டத் தாண்ட உனக்குக் கூடத்தான் வரும்."

கான் ஓரம் முழுக்கச் சிரிப்பு. "இத காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லங்கையா! ரெண்டு மணித்தியாலம் குந்தி குந்தி இடுப்பே புடிச்சுப் போச்சு!" என்று ஒருத்தி எழுந்தாள். மற்றவர்களும் படங்கைக் கட்டினார்கள்.

பிலோமினா மட்டும் எழும்பவில்லை.

"நட்டமில்ல, சரி. ஆனா இது நியாயமாங்கையா?"

நான் குடையை மடக்கி அவள் எதிரில் குந்தினேன்.

"என் சாக்குல இருக்கிற தண்ணிய என்கிட்ட கழிங்க. நான் வேணாம்னு சொல்லல. பத்துல ஒண்ணு சரியா இருந்துச்சு. இப்ப அதுக்கும் மேல எடுக்கிறீங்க. பாக்கியம் சாக்குல இருக்கிற தண்ணியையும் ஏன் என் சாக்குல கழிக்கிறீங்க? என் கை ஓடுதுன்னா அது என் குத்தமா? நானும் இதே மழையிலதானே நிக்கிறேன்? என்னைய இதே அட்டைதானே கடிக்குது?"

பிள்ளைகளே, இந்த வேலையில் இப்படிப்பட்ட நேரம் வரும். அப்போது இரண்டு சுலபமான பொய் நாக்கு நுனியில் வந்து நிற்கும். ஒன்று, "அது பெரிய இடத்து ஆர்டர், நான் என்ன செய்ய" என்பது. மற்றது, "உனக்கு ஒண்ணும் குறையல" என்பது. இரண்டையும் விழுங்கிவிட்டு உண்மையைச் சொல்லுங்கள்.

"ஆமா, பிலோமினா. பாக்கியம் சாக்குத் தண்ணியும் உன் சாக்குலதான் போகுது. குத்தம் உன்னோடது இல்ல. அவளுக்கு அந்தத் தண்ணியக் கழிச்சா பேரு போகுது. உனக்குக் கழிச்சா பேரு போகல. இதுதான் காரணம். வேற காரணம் இல்ல."

பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த பாக்கியத்துக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. செடிகளை விலக்கிக்கொண்டு விறுவிறு என்று வந்தாள். முகம் சிவந்துபோயிருந்தது.

"எனக்கு யாரும் பிச்சை போட வேணாங்கையா. என்கிட்டயும் பத்துல ஒண்ணு எடுங்க. எல்லாரும் குடுக்கிறத நானும் குடுக்கிறேன்."

"குடுத்துட்டு?" என்று பிலோமினா அவள் பக்கம் திரும்பினாள். "குடுத்துட்டு என்னா செய்வ? கொழும்பு பஸ்ல ஏறுவ. உன் பிள்ள அங்க ஏழு பேரோட எட்டாவதா கெடக்கும். ராவு பகலா அழும். யாரு பாக்குறது? பக்கத்துக் காம்பராவுல இருக்குற நான்தானே பாக்கணும்?"

"நான் உன்ன பாக்கச் சொல்லலையே!"

"நீ சொல்லலன்னா பாக்காம இருந்துருவேனாடி?"

இரண்டு பேரும் மழையில் நின்று முறைத்துக்கொண்டார்கள். பிறகு பிலோமினா எழும்பி இரண்டாவது சாக்கை உதறித் தோளில் போட்டாள். என்னைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"ரெண்டு விஷயங்கையா. மழை இருக்கிற வரைக்கும்தான் இது. வெயில் அடிச்ச அன்னைக்கு ஒரு கொழுந்துக் குருத்து கழிச்சாலும் தராசக் கழட்டி கான்ல வீசிருவேன். ரெண்டாவது, கழிக்கும்போது எவ்வளவு கழிச்சீங்கன்னு சத்தமாச் சொல்லணும். ஒவ்வொருத்திக்கும் சொல்லணும். நான் குடுத்தது எல்லாருக்கும் கேக்கணும்."

"சொல்றேன்," என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் மலையில் எல்லாரும் இரண்டு சாக்கு கொண்டுபோனார்கள். பேர்ச் சாக்கு, மேல் சாக்கு. அந்தி நிறுவையில் நான் ஒவ்வொருத்தி கழிவையும் உரக்கச் சொல்வேன். "பிலோமினா, நாலரை!" உடனே பின்னால் இருந்து ஒரு சத்தம் வரும், "மகாராணி வாரி வழங்குறாங்க, வழி விடுங்க!" அவளும் மகாராணி மாதிரியே தலையை நிமிர்த்திக்கொண்டு போவாள். தாவணிப் பிள்ளைகள் இரண்டரை, மூன்று என்று கொடுப்பதற்குப் போட்டி போட்டார்கள். அந்த மழைக்கால அந்திகள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. நனைந்த துணி வாசம், லாந்தர் வெளிச்சத்தில் பச்சைக் கொழுந்துக் குவியல், கேலி, சிரிப்பு. மேலே தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே நான் கத்த வேண்டியிருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. கடைசியில் பாக்கியத்தின் முறை வரும். "பாக்கியம், கழிவு இல்ல." அதையும் உரக்கத்தான் சொல்ல வேண்டும், வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவள் தலையைக் குனிந்து சாக்குக் கயிற்றை அவிழ்க்கிறமாதிரி பாவனை செய்வாள். அவளுக்குப் பேர் விழுந்தது, அரைப்பேர் நின்றது, லுணுகலைப் பெண் இரண்டு தரம் வந்து சும்மா திரும்பிப் போனாள். ஆனாலும் அந்தக் குனிந்த தலையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருத்தியைக் காப்பாற்றுகிற ஏற்பாடுதான், அவளைக் கூசவும் வைத்தது. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் தராசைப் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லி, தட்டில் இருந்த சோற்றை இரண்டாக ஒதுக்கிக் காட்டினேன். "இது கட்டின சாக்கு. இது மேல் சாக்கு. நீ ஓவர்டைம் போட்டா இதுலதான் வரி கூடும். அதுல பழைய வரிதான், ஏத்த மாட்டாங்க." அவளுக்குச் சிரிப்பு. பிறகு கேட்டாள்:

"கைக்குக் குறையாதுங்கிறது விளங்குதுப்பா. பிலோமினா அக்கா கடைசியா கேட்டாங்களே, அதுக்கு என்னா பதில்?"

"முழுப் பதில் என்கிட்ட இல்லம்மா. கூடப் பறிக்கிறவ பணக்காரி இல்ல. அவளும் கஷ்டப்பட்டுத்தான் பறிக்கிறா. அவகிட்ட கூட எடுக்கிறவன், ஏன் எடுக்கிறேன், எவ்வளவு எடுக்கிறேன், எப்ப நிறுத்துவேன்னு அவ முகத்தப் பாத்துச் சொல்லணும். அதச் சொல்லாம எடுத்தா அவ உக்காந்துருவா. உக்காந்தா அவளக் குத்தம் சொல்ல ஏலாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அரசாங்கம் அப்படிச் சொல்லுதாப்பா?"

"சொல்லலன்னா கேளு. பிலோமினா கேட்டாள்ல?"

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன், பிள்ளைகளே. எல்லாருக்கும் ஒரே கிலோ, எல்லாருக்கும் ஒரே வீதம், மேலே உள்ளதில் கூட என்று மூன்று வழியையும் அந்த ஒரு மழையில் நான் பிடித்துப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் யாரோ ஒருத்தி கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை. கடைசி வழியில் மட்டும், கேட்டவள் மறுநாளும் சாக்கோடு வந்தாள், கேட்காதவளும் ஊரை விட்டுப் போகவில்லை. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த மழை நத்தாருக்குக் கொஞ்சம் முன்னால் விட்டது. விடுவதற்கு முந்திய அந்தி என்று பிறகுதான் தெரிந்தது. நிறுவை முடிகிற நேரம். பாக்கியம் வந்தாள். முதுகில் பேர்ச் சாக்கு. கையில் இன்னொரு சாக்கு, அடியில் கொஞ்சமாக எதுவோ கிடக்கிறது. அன்றுவரை அவள் இரண்டாவது சாக்கு கொண்டுவந்ததே இல்லை.

பேர்ச் சாக்கை மாட்டினாள். பதினெட்டு. வாயைக் கட்டி ஓரமாக வைத்தாள். சின்னச் சாக்கை மாட்டினாள். முள் ஆடியது, யோசித்தது, மூன்றில் நின்றது.

அவளுடைய கோணல் மணிக்கட்டு வீங்கியிருந்ததைப் பார்த்தேன். எனக்குக் கை வரவில்லை. மூன்று கிலோவில் என்ன எடுப்பது, விட்டுவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று சும்மா நின்றேன்.

"என்னாங்கையா முள்ளையே பாத்துட்டு நிக்கிறீங்க?" பின்னால் இருந்து பிலோமினா. "எங்களுக்கெல்லாம் ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா? எடுங்க!"

பாக்கியம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்றைக்குத் தலை குனியவில்லை.

"எடுங்கையா," என்றாள். "சத்தமாச் சொல்லுங்க."

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு உரக்க முடியுமோ அவ்வளவு உரக்கச் சொன்னேன்:

"பாக்கியம், முக்கால்!"